முதல் டிசைனர் கைப்பை வாங்குகிறவர்களுக்கு: அசலையும் போலியையும் பிரித்துப் பார்ப்பது எப்படி

ஆறு வருடங்களுக்கு முன் என் சித்தி மகள் தன் முதல் போனஸ் பணத்தில் ஒரு லூயி விட்டோன் ஸ்பீடி பை வாங்க ஆசைப்பட்டாள். புதிது வாங்க வசதியில்லை, அதனால் ஒருவர் பயன்படுத்திய பை. முதலில் பார்த்த பையின் பின்பக்கத்தில் எல்வி எழுத்துகள் தலைகீழாக இருந்தன. "இது டூப்ளிகேட் அக்கா, எழுத்தைக்கூட ஒழுங்கா போடல" என்று அதை விட்டுவிட்டாள். அடுத்த வாரம் இன்ஸ்டாகிராமில் வேறொருவரிடம், முன்னும் பின்னும் எழுத்து நிமிர்ந்து நிற்கிற ஒரு பையை, பெட்டி, துணி உறை, சான்று அட்டை சகிதம் வாங்கினாள்.

அவள் விட்டது அசல். வாங்கியது போலி.

எல்வி எழுத்துகளும் பூக்களும் அச்சிட்ட வழக்கமான மோனோகிராம் ஸ்பீடி பையின் உடல் ஒரே துண்டு கான்வாஸில் வெட்டப்படுகிறது. முன்பக்கம் தொடங்கி, அடிப்பாகத்தில் மடிந்து, பின்பக்கம் ஏறுகிறது. அடியில் தையலே கிடையாது. ஒரு பக்கம் எழுத்து நேராக இருந்தால் மறுபக்கம் தலைகீழாகத்தான் வந்தாக வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாத போலிக்காரர்கள் இரண்டு துண்டுகளை அடியில் ஒட்டுப்போட்டு இரண்டு பக்கமும் நிமிர்த்தி விடுகிறார்கள். (தெரிந்தவர்கள் சரியாகவே செய்கிறார்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.)

அவள் இழந்த பணத்தைவிட, அவள் முகம் வாடியதுதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எல்லா நிறுவனங்களையும் ஒரே மூச்சில் சொல்லப் போவதில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த எல்வி மோனோகிராம் பையை வைத்து முறையைச் சொல்கிறேன். ஷனேல், எர்மெஸ் பைகளுக்குத் தனியாகத் தெரிய வேண்டியதைக் கடைசியில் சேர்க்கிறேன். வரிசை முக்கியம்: முதலில் விற்பவர், அப்புறம் தோல், அப்புறம் தையல், பைக்குள் பதித்திருக்கும் தேதிக் குறியீட்டு எண் கடைசியில். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எண்ணில் தொடங்குகிறார்கள். போலிக்காரர்களுக்கு மிகச் சுலபமாக வருவது அந்த எண்தான்.

பையைப் பார்க்குமுன் விற்பவரைப் பாருங்கள்

லூயி விட்டோன் தன் சொந்தக் கடைகளிலும் சொந்த இணையதளத்திலும் மட்டுமே புதிய பைகளை விற்கிறது. தள்ளுபடி விற்பனை கிடையாது, அவுட்லெட் கடையும் கிடையாது. எனவே "எல்வி அவுட்லெட், 70 சதவீதம் தள்ளுபடி" என்று யாராவது சொன்னால் மேலே படிக்கவே வேண்டாம். ஷனேல் தன் கைப்பைகளை இணையத்தில் விற்பதே இல்லை. எர்மெஸ்ஸின் பிர்கின், கெல்லி பைகளும் அப்படித்தான், கடைக்குப் போய்த்தான் வாங்க முடியும்.

நம் ஊரில் அடிக்கடி ஏமாற்றும் ஒரு சொல் 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்'. திருப்பூரில் வெளிநாட்டு பிராண்டுகளுக்காகத் தைத்து மிஞ்சிய டி-சர்ட்டுகள் உண்மையாகவே விற்பனைக்கு வருவதால், பைக்கும் அப்படி இருக்கும் என்று நல்லவர்கள்கூட நம்பிவிடுகிறார்கள். எல்வி பைகள் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, அமெரிக்கா போன்ற இடங்களில் உள்ள பட்டறைகளில் தயாராகின்றன. அங்கிருந்து மிச்சச் சரக்கு எந்தக் கடைத்தெருவுக்கும் வருவதில்லை. 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி', 'மிரர் குவாலிட்டி', '7ஏ' எல்லாம் ஒன்றுதான். போலி என்று விற்பவரே ஒப்புக்கொள்ளும் சொற்கள் அவை.

அதனால் நாம் பார்க்கப் போவது ஒருவர் பயன்படுத்திய பைகளை. விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த ஊர்க் கடையில், எந்த வருடம் வாங்கியது? பில் இருக்கிறதா? ஏன் விற்கிறீர்கள்? உண்மையாக வைத்திருந்தவர் இதற்குச் சாதாரணமாகப் பதில் சொல்வார், கூடவே பையின் குறையையும் சொல்வார். "கிஃப்ட்டா வந்தது, தெரியாது" என்பது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் அந்தப் பைக்கு நீங்கள் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும்.

விலையையும் ஒப்பிடுங்கள். அதே அளவு, அதே நிலையில் உள்ள பைகள் பழைய பைகள் விற்கும் பெரிய தளங்களில் என்ன விலைக்குப் போகின்றன என்று நாலைந்து இடத்தில் பார்த்துவிட்டு வாருங்கள். அதில் பாதிக்கும் கீழே யாராவது கேட்டால் ஒதுங்கிவிடுவது நல்லது. ஆனால் விலை அதிகம் என்பதால் அசல் என்று ஆகிவிடாது. என் தங்கை கொடுத்தது நியாயமான சந்தை விலைதான்.

கேட்டு வாங்க வேண்டிய படங்கள்

இணையத்தில் வாங்கினால் பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் எடுத்த படங்கள் வேண்டும். முன், பின், அடி, இரண்டு பக்கவாட்டு, கைப்பிடி பையோடு சேரும் நான்கு இடங்கள், ஜிப்பின் பிடி, உள்துணி, உள்ளே அச்சிட்ட முத்திரை, தேதிக் குறியீடு. இவற்றில் ஏதாவது ஒரு படத்தில், அன்றைய தேதியைக் கையால் எழுதிய தாள் பையின் மேல் இருக்கட்டும். வேறொருவர் படத்தைத் திருடி விற்பவர் இங்கேயே மாட்டிக்கொள்வார். வீடியோ காலில் பையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்வது இன்னும் நல்லது.

தோலும் கான்வாஸும்

என் பெரியப்பா திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், தரம் பிரிக்கிற வேலையில் இருந்தவர். ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் மரப்பட்டைச் சாறில் ஊறவைத்துப் பதப்படுத்தும் பழைய முறை அந்தப் பக்கத்தில் உண்டு. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையே அதற்குப் பெயர்போனது. தோலைக் கையில் எடுத்ததும் அவர் மூன்று காரியம் செய்வார்: கட்டைவிரலால் அழுத்துவார், மடித்துப் பார்ப்பார், முகர்வார். எனக்கு அந்த மூன்றைத் தாண்டி எந்த நிபுணத்துவமும் இல்லை. ஆனால் எல்வி பைக்கு அது நன்றாகவே போதும், ஏனென்றால் அதன் கைப்பிடியும் ஓரப்பட்டிகளும் அதே தாவரப் பதனீட்டு முறையில் வந்த, மேல்பூச்சு இல்லாத மாட்டுத் தோல். வாக்கெட்டா என்று அதற்குப் பெயர்.

இந்தத் தோல் புதிதாக இருக்கும்போது வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும். வெயிலும் கை எண்ணெயும் பட்டுப் பட்டுப் பழுக்கும்: முதலில் தேன், அப்புறம் வெல்லப்பாகு நிறம். மேல்பூச்சு இல்லாததால் ஒரு சொட்டு தண்ணீர் விழுந்தாலும் கறை நிற்கும். எனவே பத்து வருடம் பயன்படுத்திய பை என்று சொல்லிவிட்டு, கைப்பிடி நேற்றுச் செய்ததுபோல வெளிறி இருந்தால் கேள்வி கேளுங்கள். கைப்பிடியைப் புதிதாக மாற்றியிருக்கலாம், அதற்குப் பில் இருக்கும். பழுப்பது கை படும் இடத்தில் அதிகமாகவும் மறைவான இடத்தில் குறைவாகவும் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேன் நிறம் என்றால் அது சாயம். கட்டைவிரலால் அழுத்தினால் அசல் தோலில் மெல்லிய சுருக்கங்கள் விரலைச் சுற்றி ஓடும். பிளாஸ்டிக் பூசிய தோல் அமுங்கி அப்படியே எழும்பும். வெட்டு ஓரங்களில் அடர்ந்த சிவப்பில் ஒரு சாயம் பூசியிருக்கும். பழைய பையில் அது மங்கி உதிர்ந்திருப்பது இயல்பு. ரப்பர் போல தடித்து, லிப்ஸ்டிக் சிவப்பில் மின்னினால் சந்தேகம்.

பலர் தவறாக நினைக்கும் ஒன்று: பையின் பழுப்பு நிற உடல் தோல் அல்ல. பருத்தித் துணியின்மேல் பிவிசி பூசிய கான்வாஸ். "ஒரிஜினல்னா முழுக்க லெதரா இருக்கணுமே" என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்தப் பையைத் தெரியாது என்று பொருள். அசல் கான்வாஸ் வளைந்து கொடுக்கும், அதிகம் மினுங்காது, தடவினால் நுண்ணிய சொரசொரப்பு தெரியும். போலி பெரும்பாலும் விறைப்பாக, மழைக்கோட்டுபோல பளபளக்கும். முகர்ந்து பாருங்கள். பைக்குள் மூக்கை வைத்ததும் பசை நெடியோ பெட்ரோல் நெடியோ தலைக்கேறினால் வைத்துவிடுங்கள். பழைய அசல் பையில் தூசி வாசனை வரலாம், பீரோ வாசனை வரலாம், ரசாயன நெடி வராது.

தொட்டுப் பழகாதவர்களுக்கு ஒரு யோசனை. எல்வி கடைக்குப் போய்த்தான் கற்க வேண்டும் என்பதில்லை. தாவரப் பதனீட்டுத் தோல் எப்படி இருக்கும் என்பதைப் புதுச்சேரியில் 1978-இல் தொடங்கிய ஹைடிசைன் போன்ற கடைகளில் பைகளைக் கையில் எடுத்துப் பார்த்தாலே விரலுக்குப் பிடிபடும்.

வடிவமும் தையலும்

லூயி விட்டோன் 1854-இல் பாரிஸில் பயணப் பெட்டிகள் செய்து விற்கும் கடையாகத் தொடங்கியது. மற்றவர்கள் தன் பெட்டியைப் போலவே செய்து விற்றதால் 1888-இல் கட்டம் போட்ட டாமியே துணி வந்தது. அதையும் காப்பியடித்தார்கள். 1896-இல் மகன் ஜார்ஜ் விட்டோன், தந்தை பெயரின் முதலெழுத்துகளையும் பூக்களையும் கோத்து மோனோகிராமை உருவாக்கினார். இந்த வடிவமே போலியைத் தடுக்கப் பிறந்தது. அதனால் இதன் வைப்பில் அலட்சியம் இருக்காது.

பையை நேராக வைத்து நடுவில் ஒரு கோடு கற்பனை செய்யுங்கள். இடது ஓரத்தில் பூ எந்த இடத்தில் வெட்டுப்படுகிறதோ, வலது ஓரத்திலும் அதே அளவில் வெட்டுப்பட வேண்டும். "எல்வி எழுத்து எங்கேயும் வெட்டுப்படவே கூடாது" என்று ஒரு பேச்சு உண்டு. அது எல்லா மாடலுக்கும் பொருந்தாது. வெட்டுப்படுவது குற்றமல்ல, இரண்டு பக்கமும் ஒத்துப்போகாததுதான் குற்றம்.

தையல் நூல் லேசான கடுகு மஞ்சள். எண்ணிக்கை சீராக இருக்கும். கைப்பிடி பையோடு சேரும் நான்கு தோல் துண்டுகளிலும் தையலை எண்ணுங்கள், நான்கிலும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும். இது ஐந்து நிமிட வேலை, புகைப்படத்திலேயே செய்யலாம். நான் பார்த்த போலிகளில் பாதிக்குமேல் இங்கே விழுந்துவிட்டன. பயன்படுத்திய பையில் ஒரு நூல் அறுந்திருக்கலாம், அது தேய்மானம். இரண்டு தையல் ஒரே துளையில் விழுந்திருப்பது, கோடு வளைந்து போவது, திரும்பும் மூலையில் முடிச்சு தெரிவது எல்லாம் செய்தவர் கைக்குறை.

தோலில் பதித்த முத்திரையை போனில் பெரிதாக்கிப் பாருங்கள். லூயி விட்டோன் பெயரில் வரும் ஓ எழுத்துகள் முட்டை வடிவமல்ல, முழு வட்டம். எல் எழுத்தின் கால் குட்டை. இரண்டு டி எழுத்துகளும் ஒன்றையொன்று தொடுகிறாற்போல நெருங்கி நிற்கும். எழுத்து மெல்லியதாக, கூர்மையாக இருக்கும். சூடான இரும்பால் குத்தியதுபோல ஓரம் பரவியிருந்தால் நல்லதல்ல.

உலோகத்தை நீண்ட நேரம் பார்க்க வேண்டாம். கனம் இருக்கிறதா, ஜிப் தடையில்லாமல் ஓடுகிறதா, எழுத்து தெளிவாக வெட்டியிருக்கிறதா, அவ்வளவுதான். பித்தளைப் பூட்டின் அடியில் ஒரு எண் இருக்கும், சாவியிலும் அதே எண் இருக்க வேண்டும். அது பையின் எண் அல்ல. ஒரே எண் கொண்ட பூட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு, பூட்டைத் தனியாகவும் வாங்க முடியும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கடைசியில் எண்

1980-களின் தொடக்கத்திலிருந்து 2021 வரை எல்வி பைகளுக்குள் ஒரு தேதிக் குறியீடு இருக்கும். ஸ்பீடியில் உள்ளே ஒரு சின்னத் தோல் நாக்கில் அது பதிந்திருக்கும். இது தனி அடையாள எண் அல்ல, எங்கே எப்போது தைத்தது என்ற குறிப்பு மட்டுமே. ஒரே குறியீடு பல பைகளில் வரும். எனவே "கம்பெனி வெப்சைட்டில் இந்த நம்பரைப் போட்டுப் பாருங்கள், ஒரிஜினல்னு வரும்" என்று சொல்பவர் கொடுக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். அப்படி ஒரு தேடல் வசதி நிறுவனத்தில் இல்லை.

2007 முதலான குறியீட்டைப் படிப்பது எளிது. இரண்டு எழுத்து, நான்கு இலக்கம். எழுத்துகள் பட்டறையைக் குறிக்கும். ஒன்றாவது, மூன்றாவது இலக்கங்கள் வாரம். இரண்டாவது, நான்காவது இலக்கங்கள் வருடம். சிஏ4158 என்று இருந்தால் 4, 5 சேர்ந்து 45-ஆவது வாரம், 1, 8 சேர்ந்து 2018. சிஏ என்பது ஸ்பெயின் பட்டறை. இப்போது முத்திரையைப் பாருங்கள். அங்கே 'மேட் இன் பிரான்ஸ்' என்று இருந்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. சிஏ6178 என்று இருந்தால் 67-ஆவது வாரம், அப்படி ஒரு வாரமே இல்லை. 1990-இலிருந்து 2006 வரை இதே முறைதான், வாரத்துக்குப் பதில் மாதம். விஐ0034 என்றால் 2004 மார்ச்.

மாடல் எப்போது வந்தது என்பதோடும் ஒப்பிட வேண்டும். நெவர்ஃபுல் பை 2007-இல்தான் அறிமுகமானது. 2003 என்று குறியீடு உள்ள நெவர்ஃபுல் அசலாக இருக்க வழியே இல்லை.

இந்தக் குறியீடு போலியை மாட்டிவைக்கும், அசல் என்று நிரூபிக்காது. சரியான குறியீட்டைப் பார்த்து அப்படியே பதிக்க யாராலும் முடியும். 2021-க்குப் பிறகு குறியீட்டின் இடத்தில் பைக்குள் சின்ன சிப் வைக்கிறார்கள். போலிக்காரர்களும் சிப் வைக்கத் தொடங்கிவிட்டார்கள், ஆகவே போனில் ஏதோ தெரிகிறது என்பதற்காக நம்பக் கூடாது. மறுபுறம், 1970-களின் பையில் குறியீடே இல்லை என்றால் அது இயல்பு.

சான்று அட்டை பற்றி ஒரு வரி: எல்வியும் எர்மெஸ்ஸும் 'இது அசல்' என்று பிளாஸ்டிக் அட்டை தருவதில்லை. அந்த அட்டை பெட்டியில் இருந்தால் அதுவே எச்சரிக்கை. என் தங்கையின் பெட்டியில் இருந்தது.

ஷனேல், எர்மெஸ்

ஷனேல் கிளாசிக் ஃபிளாப் பையில் முதலில் பார்க்க வேண்டியது பூட்டில் உள்ள இரட்டை சி. மேல்பக்கத்தில் வலது சி, இடது சி-யின் மேல் ஏறும். கீழ்ப்பக்கத்தில் இடது சி, வலது சி-யின் மேல் ஏறும். மாறியிருந்தால் முடிந்தது. அடுத்து, மெத்தைத் தையலின் சாய்சதுரக் கோடுகள். மூடியிலிருந்து உடலுக்கும், பின்பக்கப் பையின் ஓரத்திலிருந்து சுற்றியுள்ள தோலுக்கும் கோடு முறியாமல் ஓட வேண்டும். தையல் நெருக்கமாக இருப்பதால் ஒவ்வொரு சதுரமும் தலையணைபோல புடைத்திருக்கும். பூட்டின் பின்தகட்டில் பிளஸ் வடிவத் தலை உள்ள ஸ்க்ரூ இருந்தால் நல்ல அறிகுறி அல்ல. இங்கும் 2021-இல் எண் ஒட்டிய ஸ்டிக்கரும் அட்டையும் போய், உலோகத் தகடு வந்துவிட்டது. ஆக, 2023-இல் வாங்கிய புதுப்பை என்று சொல்லி அட்டையை நீட்டினால் கதை ஒட்டவில்லை.

எர்மெஸ்ஸைத் தையலில் பிடிக்கலாம். குதிரைச் சேணம் தைக்கிற முறை அது: ஒரே மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, இரண்டு கையாலும் எதிரெதிராகத் தைப்பார்கள். இயந்திரத் தையல்போல நேர்கோட்டில் கிடக்காமல் ஒவ்வொரு தையலும் லேசாகச் சாய்ந்து நிற்கும். புள்ளி பிசகாத இயந்திர நேர்த்தி இருந்தால் சந்தேகப்பட வேண்டிய ஒரே பை இதுதான். ஆனால் ஒன்றை மனதார சொல்கிறேன், பிர்கினோ கெல்லியோ உங்கள் முதல் பழைய பையாக இருக்க வேண்டாம். அந்த விலையில் உலவும் போலிகள் தேர்ந்த கண்ணையே ஏமாற்றுகின்றன.

பணம் கொடுக்குமுன்

இவ்வளவும் சரியாக இருந்தாலும், மிக நேர்த்தியான போலி என்று ஒரு ரகம் இருக்கிறது. நல்ல தோல், சரியான தையல், சரியான குறியீடு எல்லாம் இருக்கும். அதை நானும் நீங்களும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். பிராண்டுக் கடைகள் பழைய பையைப் பார்த்து அசல் என்று சான்று தர மாட்டார்கள். அதற்கென்றே கட்டணம் வாங்கும் சேவைகள் உண்டு. எண்ட்ருபி என்ற நிறுவனம் நுண்ணோக்கிக் கேமராவில் தோலையும் அச்சையும் படமெடுத்துக் கணினியால் ஒப்பிடுகிறது, பல பழைய பைக் கடைகள் அதைப் பயன்படுத்துகின்றன. "சோதனையில் போலி என்று வந்தால் முழுப் பணமும் திரும்ப" என்பதை விற்பவர் எழுத்தில் தர வேண்டும். வாட்ஸ்அப் செய்தி போதும். தரத் தயங்கினால் அந்தப் பை உங்களுக்கு வேண்டாம்.

தெரியாதவருக்கு யுபிஐ-இல் முன்பணம் அனுப்பாதீர்கள். நேரில் பார்த்துவிட்டுக் கொடுங்கள், அல்லது புகார் எழுப்பித் திரும்பப் பெற வழியுள்ள கடன் அட்டையில், தளத்தின் வழியாகவே கட்டுங்கள். பார்சல் வந்தால் ஒட்டிய டேப் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மௌனமாக இருக்க வேண்டாம். இணையத்தில் பணம் போனது என்றால் உடனே 1930, நுகர்வோர் புகார் என்றால் 1915. வர்த்தகக் குறிச் சட்டம் 1999-இன்படி போலி முத்திரைப் பொருளை விற்பதற்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு. அதனால் ஏமாந்த பையை "போனால் போகிறது" என்று இன்னொருவரிடம் அசல் என்று விற்றுவிடாதீர்கள். ஐரோப்பா சுற்றுலா போகிறவர்களுக்கும் இது பொருந்தும்: இத்தாலியில் தெருவில் போலிப் பை வாங்கியவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது.

என் தங்கை புகார் கொடுத்து, பாதிப் பணம் திரும்பக் கிடைத்தது. அந்தப் பையை அவள் வீசிவிடவில்லை. அவள் வேண்டாம் என்ற அசலை எங்கள் தோழி ஒருத்தி வாங்கினாள். யாராவது முதல் பை வாங்கப் போகிறேன் என்று வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தொடச் சொல்கிறோம். தோழியின் பையில் கைப்பிடி நல்ல பனங்கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டது, பிடிக்கும் இடத்தில் எண்ணெய் தடவியதுபோல வழவழப்பு. தங்கையுடையது வாங்கிய நாளின் அதே வெளிர் நிறத்தில் இருக்கிறது. மடிப்பில் மட்டும் மேல்பூச்சு உரிந்து, உள்ளே வெள்ளைத் துணி தெரிகிறது.